தீப்பிடிக்காத வீடு

புதுக்கோட்டைச் சீமையின் ஆவூரில் பெரியநாயகி மாதா கோயில் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கட்டுக்கோப்பான கட்டடமாக எழுந்துவிட்டது. வீரமாமுனிவர் தங்கிப் பணிசெய்த ஊர் அது. கோயில் அசையாமல் நின்றது. சுற்றுப்பட்டு ஊர்களில் கூலிவேலை பார்த்தவர்களின் வீடுகள் நிற்கவில்லை. மண்சுவர், மேலே பனையோலையோ கீற்றோ. ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் கரையும், சித்திரை வெயிலில் ஒரு பொறி பறந்தால் தெருவே போகும். 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தபோதும் அந்தக் கூரைகள் அப்படியேதான் இருந்தன. அதே 1948இல், வடக்கே வெகுதொலைவில் ஓர் அமெரிக்கர் கிராமத்து வீடுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆல்பர்ட் மேயர் நியூயார்க்கைச் சேர்ந்த கட்டடக்கலைஞர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்தவர், நேருவைச் சந்தித்தார். பேச்சு மாதிரி கிராமங்களைப் பற்றிப் போனது. உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் சோதனைத் திட்டம் தொடங்கியது. ஆனால் அந்த மக்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டவை நல்ல விதை, உரம், நோய்த் தடுப்பு, படிப்பு. வீடு பின்னுக்குப் போனது. கட்டடக்கலைஞரின் திட்டம் கோதுமை விளைச்சலுக்குப் பேர்போனது. இந்த வெற்றியைப் பார்த்துத்தான் 1952 அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்த நாளில், நாடெங்கும் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டார வளர்ச்சி அலுவலர் என்ற பதவி அதன் வழியே நாடு முழுக்கப் பரவியது. வீடு வரவில்லை, வீட்டைக் கொடுக்கப்போகும் அலுவலகம் முதலில் வந்துவிட்டது. அந்த அலுவலகத்தின் கையில் வீட்டுக்கென்று பணம் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. வந்த பணமோ ஏழைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

1957இல் கிராம வீட்டுவசதித் திட்டம் அறிமுகமானது. வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை தருவார்கள், கடனாக. அந்த ஒரு சொல்லில் திட்டம் முடங்கிவிட்டது. கடன் வாங்க ஈடு வேண்டும், ஈட்டுக்குப் பட்டா வேண்டும். கூலிக்காரரின் குடிசை நின்றதோ பெரும்பாலும் நிலக்காரரின் மனையில், இல்லையென்றால் புறம்போக்கில். 1980 வரை நாடு முழுவதும் இத்திட்டத்தில் எழுந்த வீடுகள் வெறும் 67,000. ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்கள் இருந்த நாட்டில், எட்டு கிராமத்துக்கு ஒரு வீடுகூடத் தேறவில்லை. அந்த ஆண்டுகளில் திட்டக் கோப்புகளில் எங்குமே இல்லாத ஒரு கேள்வி, கிழக்கே தஞ்சை வயல்களில் புகைந்துகொண்டிருந்தது. குடிசை யாருடைய மண்ணில் நிற்கிறது?

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணி. கூலியைச் சற்று உயர்த்திக் கேட்டவர்களின் தெருவுக்குள் அடியாட்கள் புகுந்தார்கள். தப்பி ஓடி ஒரே குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் உயிரோடு எரிந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. ஓலைக்கூரை அன்று கொலைக்கருவி ஆயிற்று. 1971இல் தமிழ்நாடு அரசு குடியிருப்பு உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிலக்காரரின் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்றது சட்டம். தமிழ்நாட்டுக் கிராமங்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிதாகப் பேசப்பட்ட சட்டங்கள் பல உண்டு. இவ்வளவு சத்தமில்லாமல் இவ்வளவு தூரம் போனவை குறைவு. ‘காலி பண்ணு’ என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள் முதன்முறையாகக் காலூன்றினார்கள். கால் ஊன்றிய மண்மேல் இனி என்ன நிற்கும் என்பதுதான் பாக்கி.

1974 பிறந்தது. ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது, ஆவூர் அதற்குள் வந்தது. அதே ஆண்டில் தாட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகளைக் கட்டித் தருவது அதன் முதல் வேலை. இன்று தாட்கோ என்றால் கடனுதவியும் ஆட்டோவும் டிராக்டரும்தான் நினைவுக்கு வரும். தீக்கு அஞ்சிப் பிறந்த நிறுவனம் அது. ஆனால் நாடு தழுவிய பெரும்பணம் வேறொரு திசையிலிருந்து வந்தது, அதுவும் வீட்டைத் தேடி வரவில்லை.

1970களின் பிற்பகுதியில் அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடந்தது. கிராமங்களில் வேலை இல்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டு, வேலைக்குக் கூலியாகத் தானியம் கொடுக்கும் திட்டம் 1977இல் வந்தது. 1980இல் அது தேசிய ஊரக வேலைவாய்ப்புத் திட்டமாக மாறியது. 1983இல் நிலமற்றோருக்கென இன்னொரு வேலை உறுதித் திட்டம் சேர்ந்தது. ஆளை வேலைக்கு வைத்தால் எதையாவது கட்டித்தானே ஆகவேண்டும்? ரோடு, குளம், பள்ளிக்கூடம் என்று நீண்ட பட்டியலில் வீடும் நுழைந்தது. கடனாக வந்தபோது கதவடைத்த வீடு, கூலிவேலையின் மிச்சமாகப் பின்கட்டு வழியே உள்ளே வந்துவிட்டது. ஒரே சிக்கல், ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு கணக்குப் பார்த்தது. கட்டும் செலவில் ஒரு பகுதியைத்தான் இதில் எடுக்கலாம் என்றன சில. டெல்லி ஒரு முடிவு சொல்லியாக வேண்டியிருந்தது.

1985 ஜூனில் அந்த அறிவிப்பு வந்தது. நிலமற்றோர் வேலைத்திட்ட நிதியில் ஒரு பங்கு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோரின் வீடுகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. திரும்பக் கட்ட வேண்டாம், மானியம். முந்தைய ஆண்டு கொல்லப்பட்ட பிரதமரின் பெயரில் அது இந்திரா ஆவாஸ் யோஜனா ஆனது. கொத்தடிமைகள் என்ற சொல் அந்தப் பட்டியலில் அலங்காரத்துக்கு இடம்பெறவில்லை. புதுக்கோட்டைச் சீமையின் கல்குவாரிகளில், முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ஆணும் பெண்ணும் கல்லுடைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1990களின் தொடக்கத்தில் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்ட பிறகுதான் பலருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்தது. திட்டம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ, அவர்கள் இங்கேயே இருந்தார்கள். ஆனால் திட்டத்துக்கே அப்போது சொந்தக் கூரை கிடையாது.

1989இல் வேலைத்திட்டங்கள் ஜவஹர் வேலைவாய்ப்புத் திட்டமாக ஒன்றானபோது, மொத்த நிதியில் 6 சதவீதம் மட்டும் வீட்டுக்கு. 1993இல் அது 10 சதவீதம் ஆனது, மற்ற சாதி ஏழைகளுக்கும் வாசல் திறந்தது. 1996 ஜனவரி 1 அன்று வீட்டுத் திட்டம் தனிக்குடித்தனம் போனது. அதன் விதிகளில் நெஞ்சைக் குளிரவைப்பவை இரண்டு இருந்தன. வீடு குடும்பப் பெண்ணின் பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரில் இருக்க வேண்டும். கான்டிராக்டர் உள்ளே வரக்கூடாது. அளவு சுமார் 20 சதுர மீட்டர். எல்லாம் சரி, சுவர் எழும்பிய பிறகுதான் தெரிந்தது, பணம் கூரைவரை எட்டவில்லை.

ஓடோ தகரமோ போட்டு முடித்துக்கொண்ட மாநிலங்கள் உண்டு. தமிழ்நாடு கான்கிரீட் தளத்துக்கென்று தன் பையிலிருந்து கூடுதல் பணம் போட்டது. மத்திய அரசின் சுவர்மேல் மாநில அரசின் தளம் உட்கார்ந்தது. சிமெண்டும் கம்பியும் ஒன்றிய குடோனிலிருந்து வந்தன. பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று ஓவர்சீயர் வந்து பார்த்துப் பார்த்து பில் போட்டார்.

விராலிமலையிலிருந்து ஆவூருக்கோ, தமிழ்நாட்டின் வேறெந்த ஊருக்கோ போகும் பஸ் ஜன்னலில், வரிசையாக, ஒரே அச்சில் வார்த்ததுபோல், ஒரு அறையும் சிறு அடுப்படியுமாகத் தெரியும் தொகுப்பு வீடு இப்படித்தான் பிறந்தது. போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அதன் தளத்தில் ஓலை இல்லை, எரிய ஒன்றுமில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. 2010இல் 21 லட்சம் குடிசைகளை ஆறே ஆண்டில் கான்கிரீட் வீடாக்கும் கலைஞர் வீட்டுவசதித் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது, அது நின்றது. அதன் இடத்தில் 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், மேலே சோலார் விளக்கு என்று பசுமை வீடு வந்தது. 2016இல் இந்திரா ஆவாஸ், பிரதமர் வீட்டுவசதித் திட்டமாகப் பெயர் மாறியது. அதில் ஒரு வேடிக்கையான திருப்பம். வீட்டுக்காரரே தன் வீட்டைக் கட்ட உழைக்கும் 90 நாளுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து கூலி தரப்பட்டது. 20 ஆண்டுகளுக்குமுன் கூலித்திட்டத்தை விட்டுப் பிரிந்த வீடு, பிறந்தகத்துக்கே கை நீட்டியது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறி, புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. தென்னையும் பலாவும் சாய்ந்தன. ஓலையும் ஓடும் பறந்தன. அரை நூற்றாண்டுத் திட்டங்களுக்குப் பிறகும் எத்தனை குடும்பங்கள் இன்னும் கீற்றுக்கடியில் இருந்தன என்பதைக் காற்று ஓர் இரவில் கணக்கெடுத்துக் காட்டியது.

2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறது. 360 சதுர அடி, அதில் 300 அடி கான்கிரீட். 1957இன் 5,000 ரூபாய்க் கடனோடு ஒப்பிட்டால் இது நெடும்பயணம்தான். ஆனாலும் விண்ணப்பத்தில் கேட்கும் முதல் தாள் அன்று கேட்ட அதே தாள். சொந்தப் பட்டா உள்ளவருக்கே வேலை உத்தரவு. 1971இன் சட்டம் நிலக்காரரின் மனையில் இருந்தவரைக் காப்பாற்றியது. நீர்நிலைப் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் கூரை போட்டவர்களை அது தொடவில்லை. மாற்று இடத்தில் மனைப்பட்டாவை முதலில் கொடுத்துவிட்டு வீட்டைப் பற்றிப் பேசினால்தான் இந்தப் பணம் அவர்களிடம் போய்ச்சேரும். அதுவரை கிராம சபையில் பயனாளிகள் பட்டியலைப் படிக்கும்போது விடுபடுவது அவர்களின் பெயர்களே.