நிலவாசல்

"நவம்பர் மாதத்தில் காதிஸுக்குப் போய் என்ன சார் செய்வது?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஸ்பெயின் தேசத்துக்குப் பிரயாணம் புறப்பட்டுக் கொண்டிருந்தவர் அவர். அவருக்கு லீவு கிடைத்தது அந்த மாதத்தில்தான். கோடையில் போனால் கடலில் குளிக்கலாம், மணலில் படுத்து வெயில் காயலாம். இலையுதிர் காலம் முடியப் போகிற சமயத்தில் ஒரு கடற்கரைப் பட்டணத்தில் என்ன வைத்திருக்கிறது என்பது அவருடைய கவலை.

பார்ப்பதற்கா பஞ்சம்? நவம்பர் பிறக்கும் தறுவாயில் காதிஸ் மார்க்கெட்டில் ஒரு வேடிக்கை நடக்கும். சகல புனிதர்களின் திருநாளையொட்டி, கடைக்காரர்கள் மீனுக்கும் கோழிக்கும் பன்றிக்குட்டிக்கும் சட்டை மாட்டி, அரசியல் பிரமுகர்களைப் போல ஜோடித்து நிறுத்தி வைப்பார்கள். ஊரே கூடிச் சிரிக்கும். தெருமுனைகளில் செஸ்ட்நட் கொட்டைகளைக் கரியடுப்பில் வறுத்துச் சுடச்சுடப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். குளிரும் அதிகமில்லை, ஒரு கம்பளிச் சட்டை போதும். மாலையில் லா கலேத்தா என்ற சின்னஞ்சிறு கடற்கரையில் உட்கார்ந்தால், இரண்டு பழைய கோட்டைகளுக்கு நடுவே அட்லாண்டிக் சமுத்திரத்தில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஆனால் முதலில் ஒரு வாசலைப் போய்ப் பாருங்கள்" என்றேன்.

காதிஸ் ஏறக்குறைய ஒரு தீவு. பழைய நகரத்தின் மூன்று பக்கங்களிலும் கடல். ஒல்லியான ஒரு மணல் திட்டுத்தான் அதைத் தேசத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது. அந்தத் திட்டு நகரத்தைத் தொடுகிற இடத்தில் குறுக்கே ஒரு பெரிய மதில். மதிலின் நடுவில் ஒரு வாசல். 'புவெர்தா தெ தியெர்ரா' என்று பெயர். நிலவாசல் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். 1596-ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கப்பற்படையோடு வந்து இறங்கி, நகரத்தைக் கொள்ளையடித்துக் கொளுத்திவிட்டுப் போனார்கள். சூடு கண்ட பூனையல்லவா? அதற்குப் பிறகு ஸ்பானியர்கள் இந்தப் பக்கத்தைப் பலமாகக் கட்டிக் கொண்டார்கள். அந்நியனை வெளியே நிறுத்துவதற்காக எழுந்த மதில் அது. ஆனால் ஒரு நாள், சொந்த ஜனங்களையே உள்ளே நிறுத்தி வைக்கும்படி அதற்கு நேர்ந்தது.

1755-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, சனிக்கிழமை. திருநாள் ஆகையால் ஜனங்கள் கோவில்களில் கூடியிருந்தார்கள். காலை வேளையில் பூமி நடுங்கிற்று. லிஸ்பன் மாநகரைத் தரைமட்டமாக்கிய பூகம்பம் அதுதான். காதிஸில் சேதம் அவ்வளவாக இல்லை. 'தப்பினோம்' என்று ஊர் பெருமூச்சு விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்தது. பிறகு கடல் எழுந்தது. மேற்குப் பக்கத்துச் சுவரை உடைத்துக் கொண்டு, லா வின்யா என்ற எளியவர்களின் பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது.

கடல் துரத்தினால் மனிதன் எங்கே ஓடுவான்? தரையைப் பார்த்துத்தான் ஓடுவான். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் நிலவாசலை நோக்கி ஓடினார்கள். அந்தச் சமயத்தில் கவர்னர் அஸ்லோர் ஓர் உத்தரவு போட்டார்: வாசற் கதவுகளைச் சாத்துங்கள்!

அந்தக் கதவுக்கு முன்னால் நின்றவர்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பின்னால் கடல், முன்னால் தங்கள் ராஜாவின் சிப்பாய்களே சாத்திய கதவு. கவர்னரைக் கல்நெஞ்சன் என்று சபித்திருக்க மாட்டார்களா? இடுப்புக் குழந்தையோடு நின்ற தாய்க்கு அது எமன் வீட்டுக் கதவாகவே தோன்றியிருக்கும். ஆனால் கதவுக்கு அப்பால் இருந்தது பாதுகாப்பான நிலமல்ல. அந்த ஒல்லியான மணல் திட்டு. இரண்டு பக்கத்துக் கடலும் அதன் மேல் ஒன்று கூடிப் புரண்டன. முன்னதாகவே வெளியேறி அந்தப் பாதையில் அகப்பட்டுக் கொண்டவர்கள் வாரிச் செல்லப்பட்டார்கள். பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் ரஸீனின் பேரன் ஒருவனும் அவர்களில் மாண்டான். உள்ளே தடுத்து நிறுத்தப்பட்ட மற்றவர்களோ பிழைத்தார்கள்.

லா வின்யாவில் வேறு கதை சொல்வார்கள். பாதிரியார் பால்மா மாதாவின் கொடியைத் தெருவில் நட்டாராம். அலை அதைத் தாண்டாமல் திரும்பிற்றாம். இன்றும் நவம்பர் 1-ஆம் தேதி அந்த மாதாவின் திருவுருவம் கடலை நோக்கி ஊர்வலமாகப் போகிறது. நண்பர் அதையும் பார்க்கலாம். கொடிக்கு ஊர்வலம் உண்டு. கதவைச் சாத்திய கைக்கு யார் ஊர்வலம் நடத்துவார்கள்?

'ஆகவே மதில் நல்லது. உள்ளே இருப்பவன் பிழைப்பான்' என்று கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். சரித்திரம் விட்டால் அல்லவா!

1810-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நெப்போலியனின் சேனை காதிஸை முற்றுகையிட்டது. முற்றுகை இரண்டரை வருஷம் நீடித்தது. ஸ்பெயினில் பெரும்பகுதி பிரெஞ்சுக்காரர் கையில். மிஞ்சிய இந்த மூலையில், பீரங்கிக் குண்டுகளுக்கும் மஞ்சள் காய்ச்சலுக்கும் நடுவே, தேசத்தின் பிரதிநிதிகள் கூடிச் சட்டம் எழுதினார்கள். முதலில் பக்கத்துத் தீவில் கூடினார்கள். 1810 நவம்பர் 10-ஆம் தேதி, அரசியல் எழுத்துக்களை முன் அனுமதியின்றி அச்சிடலாம் என்று பத்திரிகைச் சுதந்திரம் பிறந்தது அங்கேதான். மறு வருஷம் காதிஸ் நகரத்துக்குள்ளேயே, சான் பெலிப்பெ நேரி என்ற கோவிலுக்கு வந்தார்கள். முட்டை வடிவமான அந்தக் கோவிலில் உருவான அரசியல் சட்டம் 1812 மார்ச் 19-ஆம் தேதி பிரகடனமாயிற்று. ஆட்சியுரிமை அரசனுடையதல்ல, தேசத்தினுடையது என்றது அது. ஐரோப்பாவில் இருந்த ஸ்பானியரும் அமெரிக்காவில் இருந்த ஸ்பானியரும் ஒரே தேசம் என்றது.

அற்புதமான காரியந்தான். ஆனால் அதன் 22-ஆவது விதியைப் படித்தால் மனம் திடுக்கிடும். ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று கருதப்பட்டவர்கள் ஸ்பானியர்தானாம். குடியுரிமை பெற்ற பிரஜைகள் அல்லவாம். அவர்களுக்கு நற்குணத்தின் வாசல், தகுதியின் வாசல் திறந்தே இருக்கிறதாம்! சேவை செய்து, திறமை காட்டி, மனுச் செய்து கொண்டு அந்த வாசலில் காத்து நிற்க வேண்டும். ஏன் இப்படி? அவர்களையும் சேர்த்துத் தலை எண்ணினால் சபையில் அமெரிக்கப் பிரதிநிதிகளின் தொகை மிகுந்துவிடும் என்ற பயம். அடிமை வியாபாரத்தை ஒழிக்க வேண்டும் என்று 1811-லேயே அந்தச் சபையில் குரல் எழுந்தது, அதுவும் சட்டமாகவில்லை. முற்றுகைக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள், தாங்களும் ஒரு மதிலைக் கட்டினார்கள். கல்லால் அல்ல, காகிதத்தால். 1814-இல் பெர்னாந்து அரசன் திரும்பி வந்து அந்தச் சட்டத்தையே ரத்துச் செய்தான். உள்ளே இருந்தவர்களும் அன்று வெளியே தள்ளப்பட்டார்கள்.

இனி நம் காலத்துச் செய்தி. 1947 ஆகஸ்டு 18-ஆம் தேதி இரவு, நிலவாசலுக்கு வெளியே கடற்படைக் கிடங்கு ஒன்றில் குவித்து வைத்திருந்த கடற்கண்ணி வெடிகள் வெடித்தன. சுமார் 150 பேர் மாண்டார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் காயமடைந்தார்கள். அந்த அதிர்ச்சியின் வேகத்தை நிலவாசலின் தடித்த மதில் தன் மார்பில் வாங்கிக் கொண்டது. பழைய நகரம் பெரும் நாசத்திலிருந்து தப்பியது. 1755-இல் செய்த உபகாரத்தை அது மறுபடியும் செய்தது. ஆனால் வெளியே இருந்த சான் செவெரியானோ பேட்டையை யார் காப்பது? அனாதைக் குழந்தைகளை வளர்த்து வந்த இல்லமும் வெளியேதான் இருந்தது. அங்கே குழந்தைகளும் செத்தார்கள்.

அன்று இரவு இன்னொரு கிடங்கும் தீயில் அகப்பட இருந்தது. பெரி ஹுங்கேரா என்ற கடற்படை அதிகாரி சில மாலுமிகளோடு அதற்குள் போய்த் தீயை அணைத்தார். அதுவும் வெடித்திருந்தால் என்ன மிஞ்சியிருக்குமோ! மதில் தனக்குப் பின்னால் இருப்பவர்களை மட்டுமே காக்கும். வெளியே இருப்பவர்களைக் காக்க வேண்டுமானால் மனிதன்தான் நடந்து போக வேண்டும். இந்த வாசலின் சரித்திரத்தில் எனக்குத் தெரிந்த சாரம் இவ்வளவுதான்.

"அங்கே போனால் முதலில் உள்பக்கம் பாருங்கள், பிறகு திரும்பி வெளிப்பக்கமும் பாருங்கள்" என்று நண்பருக்குச் சொல்லி அனுப்பினேன். போய்விட்டு வந்தார்.

"செஸ்ட்நட் பிரமாதம். அந்த வாசலைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாயிற்று சார்!" என்றார்.

"அவ்வளவு பெரிய வாசலையா?"

"நான் கதவைத் தேடினேன். இருபுறமும் மதிலை உடைத்துப் பெரிய வளைவுகளாகத் திறந்துவிட்டு, அவற்றின் வழியே மோட்டார் வண்டிகளை விட்டிருக்கிறார்கள். சாத்துவதற்குக் கதவே இல்லை சார்!"