கண்ணாடி இழைக்குள் கோடு போட்ட கதை

சென்னையிலிருந்து பொம்மிடி வழியாக சேலம் போகும் தண்டவாளம் சித்திரை வெயிலில் எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு விரியப் பார்க்கிறது? தலைமுடி பருமனுள்ள ஒரு கண்ணாடி இழையை ஒட்டி வைத்தால் அதுவே சொல்லிவிடும். ஆனால் இழைக்குள் கோடுகள் இருக்க வேண்டும்! ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 1900 கோடுகள். இதற்குப் பெயர்தான் கிரேட்டிங். ஒரு குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் அது திருப்பி அனுப்பும். இழை நீண்டாலோ சூடானாலோ கோடுகளின் இடைவெளி மாறும், திரும்பும் நிறமும் மாறும். அதுதான் அளவுகோல்.

இது தற்செயலாகக் கிடைத்தது. 1978ல் கனடாவின் ஒட்டாவாவில், தகவல்தொடர்பு ஆய்வு மையத்தில் கென்னத் ஹில் குழுவினர் இழைக்குள் ஆர்கான் லேசரைச் செலுத்தினார்கள். நேரம் ஆக ஆக மறுமுனைக்குப் போகும் ஒளி குறைந்தது, திரும்பி வருவது கூடியது. இழை பழுது என்று தூக்கிப் போட்டிருக்கலாம். அவர்கள் ஏன் என்று தேடினார்கள். போகும் ஒளியும் திரும்பும் ஒளியும் சேர்ந்து கண்ணாடியில் தாமாகவே கோடு போட்டிருந்தன!

ஆனால் அந்த லேசரின் நிறத்துக்கு மட்டுமே அது பயன்பட்டது. 1989ல் அமெரிக்காவின் ஜெரால்ட் மெல்ட்ஸ் குழு, புற ஊதா ஒளியைப் பக்கவாட்டில் அடித்து வேண்டிய இடைவெளியில் கோடு போட்டது. இந்தூரின் ராஜா ராமண்ணா மையமும் தாமிர ஆவி லேசரிலிருந்து பெற்ற புற ஊதாவால் கிரேட்டிங் செய்தது.

இதிலும் ஒரு சிக்கல். புற ஊதாவை ஏற்கும் கண்ணாடி வேண்டும். கடும் சூட்டில் கோடுகள் அழிந்தும்விடும்.

இங்கேதான் ஃபெம்டோசெகண்ட் லேசர் வருகிறது. ஒரு செகண்டை பத்து லட்சமாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மறுபடி நூறு கோடியாகப் பிரித்தால் வருவது ஒரு ஃபெம்டோசெகண்ட். இத்தகைய துடிப்புகளுக்குப் பெரும் வலிமை கொடுக்கும் வழியை 1985ல் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஜெரார் மூருவும் கண்டார்கள் (2018ல் நோபல் பரிசு). சாதாரணமாகக் கண்ணாடி கண்டுகொள்ளாத அகச்சிவப்பு ஒளிகூட, இவ்வளவு செறிவில் வந்தால் கண்ணாடியையே மாற்றிவிடும்.

2003ல் ஸ்டீபன் மிகைலோவ் குழு இதைக் கொண்டு இழையில் கிரேட்டிங் எழுதியது. எங்கே தெரியுமா? அதே ஒட்டாவா மையத்தில்! 2004ல் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகம் புள்ளி புள்ளியாகவே எழுதிக் காட்டியது. இப்படி எழுதியவற்றில் சில வகைகள் 1000 டிகிரி சூட்டையும் தாங்குகின்றன. உலைகளுக்குள்ளும் அளக்கலாம்.

தொடங்கிய இடத்திலேயே 25 வருடம் கழித்து அடுத்த கதவும் திறந்தது. எல்லாம், 1978ல் குறைந்துபோன கொஞ்சம் வெளிச்சத்தை அலட்சியம் செய்யாததால்தான்.