பனிநகரின் பழைய மனைகள்

நேயர்களே, இலக்கியத் தொடர் ஒன்றிலே வீடு திருத்துவதைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஏட்டுச்சுவடிகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த ஐயம் எழாது. பூசையறையிலே பூ வைத்து வணங்கப்பட்டதால் மட்டும் எந்த ஏடும் பிழைத்ததில்லை. ஓலை இற்றுப்போவதற்கு முன்னர் யாரோ ஒருவர் அமர்ந்து பெயர்த்தெழுதியதாலேயே அது பிழைத்தது. பெயர்த்தெழுதியவர் மூலத்தின் போக்கை அறிந்தவராயின் நூல் வாழ்ந்தது. தம் மனம்போனபடி திருத்தி எழுதியவராயின் நூல் கெட்டது. பழைய வீட்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. மரவீடுகளால் ஆன ஒரு குளிர்நாட்டுச் சிறு நகரத்தின் வரலாற்றைக் கொண்டு இதனை இன்று நோக்குவோம்.

அந்த நகரத்தின் பெயர் றோறோஸ். நோர்வே நாட்டிலே, சுவீடன் எல்லைக்கு அண்மையில், கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் ஒரு மலைமேட்டில் அது அமைந்துள்ளது. சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அதன் குடித்தொகை ஆறாயிரத்தைத் தொடாது. குளிரோ சொல்லுந் தரமன்று. 1914ஆம் ஆண்டு சனவரியிலே அங்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 50 பாகை செல்சியசையும் தாண்டி இறங்கியது. மார்கழிப் பனிக்கே போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் நமக்கு அது கற்பனைக்கும் எட்டாத குளிர். அந்தக் குளிரிலே மரவீடுகள் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. அவற்றிலே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

இந்த நகரம் பிறந்தது செம்பினால். வேட்டைக்காரன் ஒருவன் சுட்ட கலைமான் சாகுந் தறுவாயிற் காலை உதைத்தபோது, பெயர்ந்த பாசியின் அடியிலே தாது மின்னியது என்று அவ்வூரிலே ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், 1644ஆம் ஆண்டிலே அங்கு செம்புக் கம்பனி தொடங்கியது. 1646இல் டென்மார்க்கையும் நோர்வேயையும் ஒருங்கே ஆண்ட அரசர் நான்காம் கிறிஸ்தியன், பெருவட்டமான ஒரு நிலப்பரப்பிலே காடு, ஆறு, தாது ஆகியவற்றின் மீது அக்கம்பனிக்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். அந்த வட்டத்துக்குள் வாழ்ந்த குடியானவர்கள் விறகு தறிக்கவும், கரி சுடவும், தாது ஏற்றிச் செல்லவும் கடமைப்பட்டார்கள்.

1678இலும் மறுபடி 1679இலும் சுவீடன் படையினர் வந்து ஊரை எரித்தார்கள். சாம்பலிலிருந்து ஊர் மீண்டும் எழுந்தது. இரண்டு நீண்ட தெருக்கள். தெருவைப் பார்த்தபடி குடியிருப்பு வீடு. அதன் பின்னே வளவு. வளவைச் சுற்றி மாட்டுக்கொட்டில், குதிரை லாயம், புற்கொட்டில், விறகுக் கொட்டில். சுரங்கக் கூலி வயிற்றுக்குப் போதாமையால் தொழிலாளி மாடும் வளர்த்தான். கோடையிலே மலைப்புல்லை அறுத்து மாரிக்குச் சேர்த்து வைத்தான். நகரமும் நாட்டுப்புறமும் ஒரே வளவுக்குள் இருந்தன எனலாம்.

அவ்வீடுகளைக் கட்டிய முறையைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. முழு மரங்களைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வும்படி கொத்தி இணைத்தார்கள். மரங்களின் இடைவெளியிலே காட்டுப்பாசியைத் திணித்துக் காற்றைத் தடுத்தார்கள். தரைப்பலகையின் கீழே, அத்திவாரத்தின் உட்புறமாக, மண்ணை அணைபோலக் குவித்து நிலக்குளிரை மறித்தார்கள். கூரையிலே பேர்ச் மரத்தின் பட்டையைப் பல அடுக்காகப் பரப்பி, அதன்மேல் புற்கட்டிகளை இரண்டு படையாக வைத்தார்கள். கீழ்ப்படையின் புல் கீழ்நோக்கியும் மேற்படையின் புல் மேல்நோக்கியும் இருக்கும்.

பார்ப்பவர்கள் புல்தான் மழையைத் தடுக்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் நீரைத் தடுப்பது பட்டையே. பட்டை பறந்துபோகாமல் அழுத்திப் பிடிப்பது புற்கட்டி. அந்தப் பாரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. புற்கூரை ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 250 கிலோகிராம் நிறை உடையது. அந்த நிறை சுவர் மரங்களை ஒன்றோடொன்று நெருக்கி, குளிர்காற்று புகும் வெடிப்புகளை மூடுகிறது. கூரையின் பாரமே சுவரின் இறுக்கம். இதனை அறியாத ஒருவர், பாரத்தைக் குறைத்தால் வீட்டுக்கு நல்லது என்று கருதி இலேசான தகரத்தைப் போடுவாராயின், சுவரின் இறுக்கத்திலும் கைவைத்தவர் ஆகிறார். வீட்டின் ஓர் உறுப்பைத் தொட்டால் மற்றோர் உறுப்பு பதில் சொல்லும்.

இத்தகைய வீடு ஒருமுறை கட்டி முடித்துவிட்டு மறந்துபோகும் வீடன்று. உறைபனி நிலத்தை உப்பச் செய்யும், அத்திவாரக் கல் அசையும், வீடு சாயும். மண்ணுக்கு அண்மையிலுள்ள அடிமரம் ஈரத்தால் இற்றுப்போகும். அப்பொழுது தச்சர்கள் வீட்டையே சற்றுத் தூக்கி நிறுத்தி, இற்ற மரத்தை உருவிவிட்டுப் புதிய மரத்தைச் செலுத்துவார்கள். குளிர்காலம் வருமுன் யன்னல்களுக்கு உட்புறமாக இரண்டாவது கண்ணாடி யன்னல் ஒன்றைப் பொருத்துவார்கள்; வசந்தத்திலே அதைக் கழற்றி வைப்பார்கள். சூழவிருந்த காட்டை உருக்காலையின் அடுப்பு தின்றுவிட்டபடியால் நல்ல மரத்தின் அருமையை அவ்வூரார் அறிந்திருந்தார்கள். ஒரு வீட்டைப் பிரித்தால் அதன் மரம் மற்றொரு கட்டடத்துக்குப் போகும். பழையதைப் பேணுதல் அங்கு ஒரு கொள்கையாக அன்றி வாழ்க்கைத் தேவையாகவே தொடங்கியது.

அந்த வாழ்க்கையிலே ஏற்றத்தாழ்வும் இருந்தது. ஒரு தெருவிலே கம்பனி அதிகாரிகளின் பெரிய மனைகள். ஊரின் மேற்புறத்திலே, உருக்காலை கொட்டிய கசட்டு மேட்டின் ஓரத்தில், வறியவர்களின் சிறு குடில்கள். 1784இலே கல்லாற் கட்டப்பட்ட தேவாலயம் இவை எல்லாவற்றுக்கும் மேலே எழுந்து நிற்கிறது. அதன் கோபுரத்திலே காணப்படுவது சுரங்கக் கம்பனியின் சின்னம். யாருடைய ஊர் அது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அந்தக் குடில்வாசிகளை இலக்கியத்திலே ஏற்றியவர் யொகான் பால்க்பெர்கெட் என்ற நாவலாசிரியர். 1879இலே பிறந்து 1967இலே மறைந்த அவர், சிறு பிள்ளையாக இருந்தபோதே சுரங்க வேலைக்குச் சென்றவர். அவரது ‘இரவின் அப்பம்’ என்ற பெருநாவல் 1940க்கும் 1959க்கும் இடையிலே நான்கு பாகங்களாக வெளிவந்தது. அதன் தலைவி ஆன்-மக்ரித், தாது ஏற்றிச் செல்லும் ஏழைப்பெண். 1969இலே அக்கதை திரைப்படமானபோது படப்பிடிப்புக்கு றோறோசே களமாயிற்று. சொல்செனித்சினின் ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ என்ற கதையைப் படமாக்க வந்தவர்களும் சைபீரியக் குளிரை இந்த ஊரிலேயே கண்டெடுத்தார்கள். எழுத்தாளனின் சொல்லும் தச்சனின் உளியும் சேர்ந்தே அந்த எளிய மக்களின் நினைவைக் காத்தன.

நோர்வேயின் மரநகரங்கள் பல நெருப்புக்கு இரையாகின. 1904ஆம் ஆண்டு சனவரி 23ஆந் திகதி ஒலெசுண்ட் என்ற துறைமுக நகரம் பெரும்பாலும் எரிந்து, பின்னர் கல்லாலே கட்டப்பட்டது. 1916இலே பேர்கன் நகரின் நடுப்பகுதி எரிந்தது. றோறோசோ 1679இன் பின்னர் அவ்வாறான முழுநாசத்தைக் காணவில்லை. செம்பின் விலை தளர்ந்த காலங்களிலே புதிதாகக் கட்டப் பணமில்லாமையும் பழைய வீடுகளைக் காத்தது எனலாம். 1920இலே நோர்வே அரசு பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. 1923இலே றோறோசின் வீடுகள் பல அச்சட்டத்தின் காப்புக்குள் வந்தன.

1977இலே செம்புக் கம்பனி முறிந்தது. 333 ஆண்டுகள் ஊருக்குச் சோறு போட்ட தொழில் நின்றது. சுரங்கம் மூடப்பட்ட ஊர்கள் பாழடைவதே உலக வழமை. ஆயின் மூன்று ஆண்டுகளின் பின், 1980இலே, யுனெஸ்கோ நிறுவனம் றோறோசை உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்தது. 2010இலே பழைய பட்டய வட்டத்தின் நிலப்பரப்பும் அதனோடு இணைக்கப்பட்டது.

பட்டியலிலே சேர்ந்துவிட்டால் வீடு பிழைத்துவிடுமா? இங்கேதான் நமது கதையின் கடினமான பகுதி வருகிறது. வீட்டிலே குடியிருப்பவருக்குச் சூடு வேண்டும். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் வடநாடுகள் எங்கும் வீடுகளை இறுக்கி மூடி எரிபொருளை மிச்சப்படுத்தும் முயற்சி தீவிரமடைந்தது. பழைய மரவீடுகள் பலவற்றின் உட்சுவரிலே தடித்த பஞ்சுப் படலம் வைத்துப் பொலித்தீனால் மூடினார்கள். வெளியே பிளாஸ்ரிக் கலந்த வர்ணத்தைப் பூசினார்கள். பழைய யன்னல்களைப் பிடுங்கி எறிந்தார்கள். எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்தவையே.

விளைவு என்ன? முன்னர் அடுப்பின் சூடு சுவர் மரத்துக்கும் சென்று அதை உலர்த்தியது. உட்புறத்திலே பஞ்சு வைத்ததும் மரம் குளிர்ந்தது. சமையலாலும் மூச்சாலும் உண்டாகும் நீராவி சிறு துவாரங்களூடாகப் புகுந்து, அந்தக் குளிர்ந்த மரத்திலே நீராகப் படிந்தது. வெளிப்பூச்சு அந்த ஈரத்தை வெளியேற விடவில்லை. இருநூறு ஆண்டு உலர்ந்து நின்ற மரம் சில ஆண்டுகளிலே உக்கத் தொடங்கியது. பழைய மரவீட்டுக்குப் பகை குளிரன்று. வெளியேற வழியற்ற ஈரமே அதன் பகை. ஆகவே மேம்பாடு என்ற பெயரால் வீட்டின் மூச்சை அடைப்பது, அதனைக் கவனியாது விடுவதைக் காட்டிலும் விரைவாக அதனைக் கொல்லும்.

அப்படியாயின் குடியிருப்பவர் குளிரிலே நடுங்கவேண்டுமா? வேண்டியதில்லை. சூடான காற்று மேலெழுவதால், முதலிற் பரணின் தளத்தையும், பின்னர் தரையின் கீழ்ப்புறத்தையும் மூடவேண்டும் என்கிறார்கள் பழைய மனைகளிலே பழகிய தச்சர்கள். சுவர் மரங்களின் இடைவெளியிலே பாசியோ ஆட்டுமயிரோ திணித்துக் காற்றை அடைத்தால் சூடு பெரிதும் தங்கும். ஒற்றைக் கண்ணாடி யன்னலுக்கு உள்ளே நன்கு பொருந்தும் இரண்டாவது யன்னலை வைத்தால், கண்ணாடி வழியே போகும் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வெளியே ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வர்ணமோ மரக்கீலோ பூசினால் மரம் மூச்சுவிடும். முன்னோர் செய்தவற்றையே இன்றைய அறிவோடு செய்வதே இது.

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். ஊரார் மாடு வளர்ப்பதை விட்டபின், வளவிலிருந்த கொட்டில்கள் பயனற்றுப் போயின. பயன் போனால் கூரை ஒழுகும். கூரை ஒழுகினால் சுவர் விழும். தெருவிலிருந்து பார்க்கும் பயணிக்கு முகப்பு வீடு அழகாகத் தெரியும். பின்னாலே கொட்டில் மண்ணாகிக்கொண்டிருக்கும். 1995இலே அந்தக் கொட்டில்களைத் திருத்துவதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. மாட்டுக்கொட்டிலுக்கும் விறகுக் கொட்டிலுக்கும் அத்துணை அக்கறை ஏன் என்று கேட்கலாம். கம்பனி அதிகாரியின் மனைக்கு வரலாறு தானாகவே இடங்கொடுக்கும். கூலி போதாமல் ஒரு மாட்டை வளர்த்த தொழிலாளிக்கு அந்தக் கொட்டிலைத் தவிர வேறு சாசனம் இல்லை.

அத்திட்டத்திலே தச்சர்கள் கொண்ட நெறி மிக எளியது. இற்ற மரம் முழுவதையும் கழற்றி எறிவதில்லை. இற்ற பகுதியை மாத்திரம் வெட்டி நீக்கி, நல்ல பகுதியோடு புதிய துண்டைப் பழைய மூட்டு முறையிலேயே இணைப்பார்கள். வேலை நடக்கும்போதே இளந்தச்சர்களும் அதனைக் கற்றுக்கொள்வார்கள். மரத்தைவிட அருமையாகப் போவது கைத்திறன் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

எல்லா வீடுகளையும் பூட்டி நூதனசாலை ஆக்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் சிலருக்கு எழலாம். அடுப்பு எரியாத மரவீட்டிலே ஈரம் குடியேறும். ஒழுகலை முதல்நாளே காண ஆளிராது. குடியிருப்பவரை வெளியேற்றிவிட்டுப் பழைய வீட்டைக் காக்க முடியாது. குடியிருப்பவரின் சௌகரியம் ஒன்றையே நோக்கினாலும் காக்க முடியாது. இரண்டுக்கும் இடையிலே ஆண்டுதோறும் செய்யப்படும் சிறு சிறு திருத்தங்களே வழி. நல்ல ஏடு பெயர்ப்பவர் எழுதுவதற்கு முன்னர் மூலத்தை முழுமையாகப் படிப்பார். பழைய வீட்டிலே உளியை வைக்கும் முன்னர், அந்த வீட்டின் ஒவ்வொரு உறுப்பும் ஏன் அவ்விடத்திலே இருக்கிறது என்று படித்தறிதல் வேண்டும்.