தடமும் பெயரும்

1802இல் மாசாசூசெட்ஸின் சவுத் ஹாட்லியில், அப்பாவின் நிலத்தை உழுதுகொண்டிருந்த பிளைனி மூடி என்ற பையனின் கலப்பையில் ஒரு கல் தட்டுப்பட்டது. அதில் மூன்று விரல் காலடிகள். கல்லை வாசற்படியாகப் போட்டார்கள். நோவாவின் காக்கை நடந்த தடம் என்றார்கள் ஊரார். வெள்ளம், ஈரமண், கால் என்ற வரையில் அவர்கள் வாசிப்பில் தவறில்லை.

கனெக்டிகட் பள்ளத்தாக்கின் அந்தச் செம்பழுப்புப் பாறை, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டம் விரிந்து தாழ்ந்த பள்ளத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும். வெள்ளம் வடிந்த சேற்றில் ஏதோ நடந்து போயிற்று. வெயிலில் சேறு இறுகிற்று. அடுத்த வெள்ளம் குழியின்மேல் வேறு மண்ணைப் பரப்பிற்று. அழித்திருக்க வேண்டியதே காப்பாற்றியிருக்கிறது.

1835இல் கிரீன்ஃபீல்டில் நடைபாதைக்குக் கல் பாவிய கூலியாள் டெக்ஸ்டர் மார்ஷின் கண்ணில் இத்தகைய தடங்கள் பட்டன. ஊர் டாக்டர் ஜேம்ஸ் டீன், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிப் பேராசிரியர் எட்வர்ட் ஹிட்ச்காக்குக்கு எழுதினார். ஹிட்ச்காக் 1836இல் கட்டுரை வெளியிட்டார்: பெரும் பறவைகளின் தடங்கள் என்று. முதலில் கண்டது யார் என்று பிற்பாடு டீனுக்கும் அவருக்கும் அச்சிலேயே தகராறு. கல்லைத் தூக்கியவர், கடிதம் எழுதியவர், பெயர் சூட்டியவர் என்ற மூவரில், பெயர் சூட்டியவரையே இத்துறையின் தந்தை என்கிறது சரித்திரம். மார்ஷுக்காக எனக்கு இதில் வருத்தமுண்டு.

ஆனாலும் ஹிட்ச்காக்கை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. 'டைனோசர்' என்ற சொல்லே 1842இல்தான் வந்தது. 1864இல் இறக்கும்வரை அவர் பறவைகளைக் கைவிடவில்லை. இன்று பறவைகளே டைனோசர்களின் வம்சம் என்று தெரிந்திருப்பதால் அவர் வென்றுவிட்டார் என்று சொல்வது மலிவான சமாதானம். அவர் தவறியது தவறியதுதான். ஆனால் விரல்களை எண்ணினார். அடிக்கும் அடிக்கும் இடைவெளி அளந்தார். முடிவு பொய்த்தபின்னும் அளவுகள் நிற்கின்றன.

ஒரு கவிதையை வாசித்த சூட்டிலேயே அதற்குப் பரம்பரை கற்பித்துவிடும் காரியத்தை நானும் செய்திருக்கிறேன். அந்தப் பரம்பரையை இன்று நீக்கிவிட்டால் என் கட்டுரைகளில் என்ன மிஞ்சும்?

ஹிட்ச்காக் சூட்டிய 'யூப்ரான்டிஸ்' என்ற பெயர் இன்றும் வழக்கிலிருக்கிறது. அது தடத்தின் பெயர், விலங்கின் பெயரல்ல. நடந்து போனது இன்ன விலங்கு என்று அறுதியிட அங்கே எலும்பு கிடைக்கவில்லை.