விட்டாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து

எங்கள் வல்லம் பக்கத்தில் ஒருவர் ராத்தூக்கம் இல்லாமல் ஓயாமல் பேசி, கைப்பணத்தை எல்லாம் வாரி இறைத்தால் காத்துக் கருப்பு என்பார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்கு அழைத்துப் போவார்கள். சில மாதங்களில் அது தானாக அடங்கும். பின்னொரு நாள் அதே ஆள் சோறு தண்ணீர் வேண்டாமல் மூலையில் முடங்குவார். இரண்டும் ஒரே நோய் என்று அந்நாளில் எங்களுக்குத் தெரியாது. இருமுனைக் கோளாறு அல்லது பைபோலார் என்று இன்று சொல்கிறார்கள்.

சென்னையில் 1794-லேயே மனநோயாளிகளுக்கு விடுதி வந்துவிட்டது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனை அதன் வழி வந்ததுதான். ஆனால் இந்த நோய்க்கென்று ஒரு மருந்து கிடைக்க மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

1948 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜான் கேட் என்ற டாக்டர், ஐந்து வருஷமாக வெறி அடங்காதிருந்த 51 வயதுக்காரருக்கு லித்தியம் என்ற உப்பைக் கொடுத்தார். ஜூலையில் அவர் வீடு திரும்பினார். பழைய வேலையிலும் சேர்ந்தார். குணமாகிவிட்டதே என்று மருந்தை விட்டார். ஆறு மாதத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரி. மீண்டும் லித்தியம் கொடுத்தார்கள். 1950-ல் அதுவே உடம்பில் நஞ்சாகி இறந்துபோனார்.

விட்டால் நோய் திரும்பும், மிஞ்சினால் மருந்தே கொல்லும் என்பதை அந்த ஒருவர் வாழ்க்கையே காட்டிவிட்டது. இதற்கு வழி கண்டது மெல்போர்னிலேயே டிரவுட்னர் என்பவர். ரத்தத்தில் லித்தியத்தை அளந்து கொடுக்கலாம் என்று 1951-ல் அவர் குழு எழுதியது. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோவும் பாஸ்ட்ரப்பும், நன்றாக இருக்கும்போதும் தொடர்ந்து சாப்பிட்டால் நோய் திரும்புவது குறையும் என்று 1967-ல் காட்டினார்கள்.

இப்போது லித்தியம் தவிர வேறு மருந்துகளும் உண்டு. ஆனால் பல வருஷமாக லித்தியம் சாப்பிட்டு வரும் நம் வயதுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் சோடியத்தோடு சேர்த்தே லித்தியத்தையும் கையாளுகிறது. பி.பி.க்காகத் திடீரென உப்பைக் குறைத்தாலோ, நீர் பிரியும் மாத்திரை, மூட்டுவலி மாத்திரை சாப்பிட்டாலோ, கத்திரி வெயிலில் உடம்பு வற்றினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை பலமாக நடுங்குவது, தள்ளாடுவது, நாக்குக் குழறுவது, வாந்தி ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்த டாக்டரிடம் போனாலும் லித்தியம் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். அவர் சொல்லும் இடைவெளியில் லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றுக்கும் ரத்தம் பாருங்கள். வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கு ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட நாம் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கம் வேண்டாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அமாவாசைக்கு மலையனூர் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், மாத்திரையையும் மடியில் கட்டிக்கொண்டு.