மரைக்குள் இருக்கும் ஆழம்

திருகாணி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பது வெளியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. முறுக்கியவருக்கு மட்டுமே தெரியும். இயந்திரங்களின் வரலாற்றில் அறிவு யார் கையில் என்ற கேள்வியை இந்தச் சின்ன இருட்டிலிருந்தே தொடங்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஒருவர் போல்ட் இன்னொருவர் நட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டிச் சராசரி கண்டு, 1841இல் 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது அளவை முன்வைத்தார். தொழிலாளியின் கைப்பழக்கம் அட்டவணையாயிற்று. 1864இல் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை என்றார். சாதாரணத் தொழிலாளி குறைந்த கருவிகளோடு வெட்டிவிடலாம் என்பது அவர் வாதம். அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, செல்லர்ஸுக்கு 13. இப்படிப்பட்ட வித்தியாசங்கள் இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளுக்குப் பெரும் தலைவலியாயின. 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. ஆக, 'தரம்' என்று நாம் சொல்வது பேரமும் போரும் உண்டாக்கிய ஒன்று.

அதே போரில் வீழ்ந்த ஜெர்மன் விமானங்களிலிருந்து பிரிட்டிஷார் அறிந்துகொண்டதாகச் சொல்லப்படுவதுதான் ராட் எண்ட்: கம்பி முனையில் மரையோடு கூடிய உருண்டை மூட்டு. பின்னாளில் அது பந்தயக் கார்களின் சஸ்பென்ஷனுக்கு வந்தது. அங்கிருந்து வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுகிறவர்களிடம் வந்தது. 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன் உதிரிபாகங்களாக விற்கப்பட்டதற்குப் பெரிய காரணம் வரி. பூட்டாத காருக்குக் கொள்முதல் வரி கிடையாது. 1973இல் வாட் வரி வந்ததும் சலுகை போயிற்று. கட்டும் பழக்கம் போகவில்லை.

சிக்கல் இங்கேதான். தொழிற்சாலையில் ஆழத்தைத் தீர்மானிப்பவர் ஒருவர், முறுக்குபவர் வேறொருவர், சோதிப்பவர் மூன்றாமவர். கொட்டகையில் மூவரும் ஒருவரே. சக்கரத்தின் கோணம் சரியாக அமைய ராட் எண்டை வெளியே திருகிக்கொண்டு போகிறார். "இன்னும் ரெண்டு சுத்து எடுத்தா போதும்" என்கிறது மனசு. எஃகுக்குள் எஃகு என்றால், மரை குறைந்தது தன் விட்டத்தின் அளவு உள்ளே இருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு என்றால் நிம்மதி. உள்மரை அலுமினியத்தில் என்றால் இன்னும் வேண்டும். அங்குலத்துக்கு 20 மரை உள்ள அரை அங்குல ராட் எண்டில் அது 10 சுற்று, நிம்மதிக்கு 15. அதற்குமேல் போனால் பலம் பெரிதாகக் கூடாது. பாரத்தின் பெரும்பங்கை முதல் சில மரைகளே சுமக்கின்றன. லாக் நட்டு தளராமல் பிடிக்குமே தவிர ஆழத்துக்கு ஈடாகாது. ஆழம் போதலையா, நீளமான குழாய் செய்வதே வழி.

விமானத் தொழில் இதற்கு எளிய ஏற்பாடு ஒன்றைக் கண்டது. பாதுகாப்பான ஆழம் முடியும் இடத்தில் குழாயின் பக்கவாட்டில் ஒரு துளை. மெல்லிய கம்பியை விட்டுப் பார். மரை தடுத்தால் சரி, கம்பி உள்ளே ஓடினால் வண்டியை எடுக்காதே.

1998இல் பிரிட்டன் இத்தகைய கார்களுக்குத் தனிவாகன ஆய்வைக் கட்டாயமாக்கியது. அரசின் ஆய்வாளர் ஒருநாள் பார்ப்பார். துளையோ வண்டியோடு இருக்கும். வண்டியை வாங்கப்போகிறவரும், பக்கத்து இருக்கையில் உட்காரப்போகிறவரும் கம்பியை விட்டுப் பார்க்கலாம். விட்வொர்த்தின் அட்டவணை அறிவைக் கையிலிருந்து பிரித்தது. இந்தத் துளை சோதிக்கும் உரிமையை எல்லார் கைக்கும் தருகிறது. தரங்களை விமர்சிக்கும் நாம் அவற்றை நிராகரிப்பதோடு நின்றுவிடுகிறோம். யார் சோதிக்கலாம் என்று கேட்பதல்லவா அடுத்த வேலை?