எங்க ஊர்ப் பள்ளிக்கூடமும் நம்ம குழுவும்

கூட்டமைப்பு மலருக்கு ஏதாவது எழுதுங்க அக்கா என்று கேட்டார்கள். சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றியெல்லாம் மற்ற சகோதரிகள் எழுதுவார்கள். நான் நம்ம பெரம்பலூர் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றி எழுதுகிறேன். அதற்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீங்க, கடைசி வரை படியுங்க.

1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது நம்ம மாவட்டம். பிறகு அரியலூரும் தனியாகப் போய்விட்டது. இன்று பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் என நாலு வட்டம்தான். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,65,223. தமிழ்நாட்டிலேயே அப்போது குறைந்த மக்கள்தொகை உள்ள மாவட்டம் இதுதான். 1,000 ஆண்களுக்கு 1,003 பெண்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்களில் 100க்கு ஏறத்தாழ 83 பேர், பெண்களில் 66 பேர். அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்பது என் வயதுக்காரங்களுக்குத் தெரியும்.

பருத்தி வெடித்தால், சின்ன வெங்காயம் பிடுங்கினால், பெண்பிள்ளை பள்ளிக்குப் போகாது. அம்மா காட்டுக்குப் போனால் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் இருக்கணும். 1982இல் சத்துணவு வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. "மத்தியானச் சோறு அங்கேயே ஆச்சு, போயிட்டு வா" என்று அம்மா தினமும் அனுப்பியது அப்புறம்தான். ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது. ஆறாம் வகுப்புக்கு வேற ஊருக்குப் போகணும், வயசுப் பிள்ளையை அனுப்ப மனசில்லை.

பெண்கள் எழுத்தறிவில் தேசிய சராசரிக்குக் கீழே இருந்த மாவட்டங்களுக்காக 1990களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. அதில் பெரம்பலூரும் ஒன்று. வகுப்பறை கட்டினார்கள், கிராமக் கல்விக் குழு போட்டார்கள். நம்ம குழுக்கள் தொடங்கியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். 1989இல் தருமபுரியில் ஆரம்பித்தது, 1997-98இல் மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. எங்க குழுவில் முதலில் பாதிப் பேர் கைநாட்டு. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடணும் என்றதும், மூன்றாவது படிக்கிற மகளிடம் உட்கார்ந்து பேரெழுதிப் பழகினாங்க. அப்போது பள்ளிக்கூடம் எங்களுக்கே பாடம் சொன்ன மாதிரி இருந்தது.

பலனையும் பார்த்தோம். 2022 பிளஸ் டூ தேர்வில் 97.95 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் பெரம்பலூர் முதலிடம். 2023இல் பத்தாம் வகுப்பிலும் 97.67 சதவீதத்தோடு முதலிடம். அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2013இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். அதில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது ஊர்த் தொடக்கப் பள்ளி.

ஆனால் அந்தப் பள்ளிகளிலேயே இன்று பிள்ளைகள் குறைகிறார்கள். பிறப்பு குறைந்தது ஒரு காரணம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு குழந்தைகூட இல்லை. இன்னொரு காரணம் வாசலுக்கு வருகிற வேன். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்த்தால் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பாங்க என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைகிறார், ஆசிரியர் குறைந்தால் பிள்ளை இன்னும் குறைகிறது.

இதில் நம்ம பங்கும் உண்டு, ஒளிக்க வேண்டாம். ஜூன் மாதம் குழுவில் கேட்கிற கடனில் பெரும்பாலும் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குத்தான். நானும் என் மகனுக்காக அப்படி வாங்கிக் கட்டியவள். மற்றவர்களுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. சமைப்பது நம்ம குழு உறுப்பினர்கள். ஒரு விதி, அவர் பிள்ளை அதே பள்ளியில் படிக்கணும். ஊரில் இத்தனை குழு இருந்தும் ஆளைத் தேடித்தான் பிடித்தோம். கேட்டு வந்த பலர் பிள்ளைகள் வேனில் போகிறார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் மணக்கிறது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பின்தங்கிய பிள்ளையைத் தனியாகக் கவனிக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கணும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து வந்தால் போதாது. நம்ம பிள்ளை வாசிக்குதா, கழித்தல் கணக்குப் போடுதா, ஆசிரியர் இடம் காலியாக இருக்கா என்று கேட்கணும். குழுக் கணக்கில் ஒரு ரூபாய் விடாமல் கேட்கிற நமக்கு இது முடியாதா?

என் பேத்திக்கு வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. மருமகள் இன்னும் யோசிக்கிறாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. "ஒருநாள் காலையில் என்கூடப் பள்ளிக்கு வா, பார்த்துட்டு முடிவு பண்ணு" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சகோதரிகளே, நீங்களும் கடன் மனு எழுதும் முன் ஒருநாள் போய்ப் பார்த்துட்டு வாங்க.